அவளுக்கு முட்டி வலி

பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலியைப் பிடித்தபடி நின்ற இடத்தில், டிரைவிங் மாஸ்டரின் கால் தன் பாட்டுக்குப் பிரேக்கைத் தேடியது. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் எதிலாவது கொண்டுபோய் முட்டப் பார்த்தால் இவர் மிதிப்பார். மிதித்து மிதித்து, மூளையைக் கேட்காமலே வேலை செய்கிற கால் அது. இங்கே மிதிக்கப் பாறைதான் இருந்தது, அதுவும் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எங்கோ கீழே ஆறு வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. எதிர்ப் பாறையில் ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டு, மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏறுகிறவர்களுக்கென்றே விட்டிருக்கும் பாறைப் பூங்கா அது. கயிறு கட்டத் தெரியாதவர்களுக்காக ஓரமாக ஒரு நடைபாதை வெட்டி உச்சிவரை கொண்டுபோயிருந்தார்கள். பாதை நல்ல செங்குத்து. ஆனாலும் சங்கிலி கட்டியிருக்கும் இந்த ஓரிடம்தான் ஆளைச் சோதிக்கும். கொழுந்தியாளும் அவள் புருஷனும் பேசிக்கொண்டே கடந்துபோய் அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். மனைவி பின்னால் நின்றாள். “நான் முன்னாடி போறேன், நான் கால் வைக்கிற இடத்துல நீ கால் வை” என்று அவளுக்குப் பாடம் எடுத்துவிட்டு முன்னால் வந்தவர் இவர்தான். வந்தவர் நாலடி வைப்பதற்குள் கீழே பார்த்துத் தொலைத்தார். அதற்குமேல் கால் நகரவில்லை. உள்ளங்கை வியர்வையில் சங்கிலி வழுக்கியது. மனைவிக்கும் பின்னால் ஒரு குடும்பம், அதற்கும் பின்னால் கல்லூரிப் பெண்கள் என்று வரிசை சேர்ந்துகொண்டே போனது.

“என்ன சகலை, வண்டி நின்னுடுச்சா?” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. குளிர்சாதனம் பழுது பார்க்கிறவர் அவர். பத்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே போன் பேசுவார். கேலியில் விஷம் கிடையாது. ஆனாலும் கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

“எனக்கொண்ணுமில்ல. இவளுக்குத்தான் முட்டி வலிக்குதாம். பாவம், பழக்கமில்லல்ல.”

எத்தனை வருஷப் பழக்கம். நடுரோட்டில் கார் நின்று, பின்னால் ஹாரன் அடித்துத் திட்டுகிறவர்களிடம் ஜன்னல் வழியே தலையை நீட்டி அவர் சொல்வது இதே குரலில்தான். பாவம், புதுசா ஓட்டறாங்க. காரின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை தொங்கும்போது மாஸ்டரை யாரும் குறை சொன்னதில்லை. சில நாள் அவரே தப்பாக மிதித்து வண்டி நின்றிருக்கிறது. அன்றைக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பலகையைத்தான் இப்போது கட்டினவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அவள் முகத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பும் தைரியம் வரவில்லை.

“ஆமா,” என்றாள் அவள், அந்தப் பக்கம் நின்றவர்களிடம். “கொஞ்சம் பிடிக்குது. நீங்க ரெண்டு பேரும் போங்க.”

அவள் வேலை பார்க்கும் பேக்கரியில், கேட்ட ரொட்டி தீர்ந்துபோனால் வாடிக்கையாளரிடம் சொல்கிற குரல் அது. அந்தப் பேக்கரியின் ஈரத் தரையில் வழுக்கித்தான் போன வருஷம் முட்டியில் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கின நாட்களில் தங்கை சொன்னாள்: “சரியாகட்டும்க்கா, உன்னை அந்தப் பாறை உச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்.” அதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் குடியிருப்பின் படிகளில் ஏறி ஏறி இறங்கினாள். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் மாஸ்டருக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். புது ஷூ கடிக்கக் கூடாதென்று ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள். உச்சியில் நின்று எடுத்த போட்டோவைக் காட்டுவதாகப் பேக்கரியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

“காலைல நல்லாத்தானே இருந்த?” என்றாள் தங்கை. பிறகு, “மாமா, அக்காவ பத்திரமா கூட்டிட்டுப் போங்க.”

வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தர் அவளுக்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். மாஸ்டர் பின்னால் போனார். அந்த நொண்டலைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது. ஏறி வரும்போது அவரைவிட வேகமாக வந்த கால் அது.

வளைவு தாண்டியதும் ஒரு கல் பெஞ்சு இருந்தது. அங்கிருந்து சங்கிலிப் பாதை தெரியாது, உச்சி மட்டும் தெரியும். அவள் உட்கார்ந்தாள்.

“நீ போய்ட்டு வா. நான் இங்கயே இருக்கேன்,” என்றார் மாஸ்டர்.

“இப்ப எப்படிங்க போறது? முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டீங்களே.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் எதிர்த்துப் பேசியாவது தப்பித்திருப்பார்.

“எனக்குத்தான் பயமா இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லுங்க.”

அவள் தன் போனை எடுத்து, தங்கை புருஷன் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மூச்சு வாங்கல், காற்று, யாரோ சிரிக்கும் சத்தம்.

“சொல்லுங்க சகலை. அக்காவுக்கு எப்படி இருக்கு? நாங்க வேணா திரும்பி வந்துடவா?”

சொல்லியிருக்கலாம். சின்ன வாக்கியம்தான், நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. மனைவி தன் ஷூவின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம், வேணாம். பரவால்ல இப்ப. உக்காந்திருக்கா,” என்றார் மாஸ்டர். “நீங்க நிதானமா வாங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பயந்ததுகூடப் போகட்டும், பயம் யாருக்கும் வரும். இந்த இரண்டாம் தடவைக்கு என்ன சாக்கு இருக்கிறது?

அப்போது கீழிருந்து ஆரஞ்சு மேலாடை போட்ட பெண் ஒருத்தி முதலுதவிப் பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பூங்காக் காவலர். சகலை மேலிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார்.

“முட்டி பிடிச்சுக்கிட்டது நீங்கதானேம்மா? பயப்படாதீங்க. நாலு பேருக்கு ஒருத்தர் இந்த இடத்துல திரும்பிடுவாங்க,” என்று மனைவியின் முன்னால் மண்டி போட்டாள். “எந்தக் கால்?”

மனைவி தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தாள். காவலரும் பார்த்தாள்.

“இது,” என்று அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

காவலர் பேண்ட்டை மேலே சுருட்டி, மருந்தைப் பீய்ச்சினாள். அதன் குளிர்ச்சியில் மனைவியின் கால் ஒரு தரம் சிலிர்த்தது. ரொம்ப வலிக்குதோ என்று காவலர் தன்மையாகக் கேட்டுக்கொண்டே பட்டைத் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். மேலே, உச்சிப் பாறையின் விளிம்பில் மஞ்சள் சட்டை ஒன்று வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. தங்கைதான். மனைவி எக்கிக் கையை உயர்த்தினாள்.

“கால அசைக்காதீங்கம்மா,” என்றாள் காவலர்.

அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி முடியும்வரை காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.