முன்பக்கம் மட்டும்

செவ்வாய்க்கிழமை காலை நப்ரீஸ் எடுத்த அழைப்பு துஷாந்தினிக்கு வந்தபோது அவள் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் தேநீரைக்கூடக் குடித்து முடித்திருக்கவில்லை. மட்டக்குளியில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையின் உற்பத்தி முகாமையாளர் நப்ரீஸ். வெட்டும் வரிசையில் பூட்டியிருந்த கணினித் திரை, காலையில் கழுவும்போது வெடித்துவிட்டதாகச் சொன்னார். கழுவிய பெண்ணுக்கு மின்சாரம் அடித்து, அவள் இரும்புக் கம்பியில் விழுந்து, மணிக்கட்டு உடைந்துவிட்டது. மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால்தான் உயிர் தப்பினாள். இப்போது ஆஸ்பத்திரியில்.

தொழிற்சாலைகளுக்கான கணினிகளைத் தெரிவு செய்து கொடுப்பது துஷாந்தினியின் வேலை. பதினொரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். உப்புக் காற்று, மா தூசி, நீராவி என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்றது எது என்று பார்த்து அவள் எழுதுவாள். அவளுடைய மேலாளர் சிவானந்தன் விற்பார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வரிசை முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. தரை இன்னும் ஈரம். நான்கு திருகுகளைக் கழற்றித் திரையின் பின்மூடியைத் திறந்ததும் கருகிய வாசனையோடு ஒரு கோப்பை அளவு தண்ணீர் அவளுடைய சப்பாத்தில் கொட்டியது.

அவள் எழுதிக் கொடுத்த கருவி அதுவல்ல.

இப்படியான கருவிகளில் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி போகாது, சாதாரணக் குழாயால் பீய்ச்சினாலும் தண்ணீர் போகாது. ஆனால் மீன் வெட்டும் இடத்தை அப்படியா கழுவுகிறார்கள்? கை வைக்க முடியாத சூட்டில், அழுத்தக் குழாயால், ஒரு முழம் தள்ளி நின்று கழுவுகிறார்கள். அதற்கு 69கே என்ற தரம் வேண்டும், அதுவும் எல்லாப் பக்கமும். வயர்கள் திருகி இறுக்குகிற வட்டக் கொனெக்டர்களில் வரவேண்டும். பாவிக்காத துளைகளுக்கும் மூடி திருகியிருக்க வேண்டும். இருநூற்று முப்பது வோல்ற் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. அடப்டரைப் பக்கத்து உலர்ந்த அறையில் வைத்து, அங்கிருந்து இருபத்துநான்கு வோல்ற் மட்டும் கொண்டுவர வேண்டும். எட்டு மாதங்களுக்கு முன் இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தாள்.

பூட்டியிருந்தது வேறு. நீல நிற ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் ஐ.பி. 65. அதற்குக் கீழே, கண்ணை அருகே கொண்டுபோனால்தான் தெரிகிற எழுத்தில், முன்பக்கம் மட்டும். பின்னால் மடிக்கணினியில் இருப்பதைப் போன்ற சாதாரண யூ.எஸ்.பி. ஓட்டைகள், நெட்வேர்க் ஓட்டைகள், மூடியில்லாமல். அடப்டரைத் திரை பூட்டியிருந்த தூணுக்குள்ளேயே செருகி, வயர் போகத் துளைத்த ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்த வேண்டிய ஏர்த் வயர் எதிலும் பூட்டப்படாமல் தொங்கியது.

அவள் அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள்.

நப்ரீஸ் ஓர் ஆவணக் கோப்பைக் கொண்டுவந்து நீட்டினார். நிறுவல் சான்றிதழ். பரிசோதித்து அங்கீகரித்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் தட்டச்சாகி இருந்தது. அந்த மாதம் முழுக்க அவள் திருகோணமலையில் வேறொரு வேலையில் இருந்தாள். திரும்பி வந்தபோது அலுவலகக் கோப்பில் கருவியின் மாதிரி இலக்கம் மாறியிருந்ததைப் பார்த்தவள்தான். சிவானந்தனிடம் கேட்டாள். வாடிக்கையாளர் மலிவானதைக் கேட்டார், அதுவும் ஐ.பி. தானே என்று அவர் சொன்னார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று வேறு இரண்டு வேலை இருந்தது.

“மிஸ், நீங்க ஒரு ரிப்போர்ட் தந்தாப் போதும்,” என்றார் நப்ரீஸ், அவளுடைய முகத்தைப் பார்க்காமல். “கழுவக் கூடாத சாமான கழுவினது எண்டு. எனக்கு மேல ஈக்கிறவங்க அப்பிடித்தான் கேக்கிறாங்க.”

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் சிவானந்தனும் அதையே தொலைபேசியில் சொன்னார். நல்ல வாடிக்கையாளர், அடுத்த வருடம் இரண்டாவது தொழிற்சாலை திறக்கிறார்கள், பெரிதாக்க வேண்டாம் என்றார். சான்றிதழில் தன் பெயர் எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். அது ஒரு ஃபோர்மலிட்டி என்றார். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்காரும்படி தன் கால் ஆடிக்கொண்டிருந்ததை கொள்ளுப்பிட்டியில் இறங்கியபோதுதான் கவனித்தாள்.

காயப்பட்ட பெண்ணின் பெயர் இராமலெட்சுமி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜிந்துப்பிட்டியில் விசாரித்து விசாரித்து அவளுடைய அறையைக் கண்டுபிடித்தாள் துஷாந்தினி. நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை மாக்கட்டு, உள்ளங்கையில் தீக்காயத்துக்கு மருந்துத் துணி. அழுது களைத்த ஒருத்தியைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, கதவைத் திறந்தவளின் முகம் வேறு மாதிரி இருந்தது.

எந்தக் கம்பனி என்று முதலில் கேட்டாள். சொன்னதும் ஒரு கடிதத்தைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். முந்தைய நாள் வந்த கடிதம். பாதுகாப்பு விதியை மீறியதால் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறாய் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வாசித்துச் சொன்னாளாம்.

“எனக்குத் தமிழ் நல்லா வாசிக்கத் தெரியும். சிங்களமும் வாசிப்பேன். தெரியாத பாஷையில எழுதித் தொரத்துறாங்க,” என்றாள். “விதிய மீறிட்டேனாம். எந்த விதி? பொட்டிய பூட்டுன அன்னைக்கு ஒங்க பெரியவர் வந்தாரு. எங்க எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சாரு. ஒரு போத்தல் தண்ணிய அது மேல ஊத்துனாரு. பாத்தீங்களா, இனிமே இத நல்லா கழுவலாம், ஒண்ணும் ஆகாதுன்னாரு. நாங்க கை தட்டுனோம்.”

போத்தல் தண்ணீரை எந்தப் பக்கம் ஊற்றினார் என்று துஷாந்தினி கேட்டாள்.

“முன்னால.”

ஏழு மாதமாகத் தினமும் முன்னும் பின்னும் கழுவினாளாம். பின்னால்தான் செதிலும் குடலும் அதிகம் ஒட்டும், விட்டால் நாறும், நாறினால் மேற்பார்வையாளர் ஏசுவார்.

துஷாந்தினி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். தான் எழுதியது என்ன, வந்தது என்ன, ஏர்த் வயர் எப்படித் தொங்கியது என்று. தன் பெயரில் பொய்ச் சான்றிதழ் போட்டிருக்கிறார்கள் என்றபோது குரல் உயர்ந்தது. தானும் ஏமாற்றப்பட்டவள் என்று அந்தப் பெண் புரிந்துகொள்வாள் என எதிர்பார்த்தாள்.

இராமலெட்சுமி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “பொட்டி மாறுனது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுந்தானே?”

துஷாந்தினி ஓம் என்றாள்.

“அப்ப ஒருவாட்டி வந்து பாத்திருக்கலாம். பஸ்ஸுல ஒரு மணி நேரம்.”

அவள் தேநீர்கூடத் தரவில்லை. கந்தசாமி கோயில் பக்கமாக நடந்து வரும்போது துஷாந்தினிக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. சிவானந்தன் மேல், நப்ரீஸ் மேல், அந்த நீல ஸ்டிக்கரை அச்சடித்தவன் மேல், அந்தப் பெண்ணின் மேலும்கூட. பஸ் தரிப்பிடத்துக்கு வருவதற்குள் அந்தப் பெண்ணின் மேல் வந்த கோபம் மட்டும் திரும்பித் தன்மேலேயே வந்து நின்றது.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் கூட்டம். சிவானந்தன் கோட்டுப் போட்டு வந்திருந்தார். தொழிற்சாலைப் பணிப்பாளர், நப்ரீஸ், ஊழியர் பிரிவு அதிகாரி ஒருவர். விசாரணை என்ற பெயருக்காக இராமலெட்சுமியையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் கதவோரக் கதிரையில் இருந்தாள். துஷாந்தினியின் அறிக்கைக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய் இருக்கும் முற்றத்துக்கு எல்லோரும் வந்தால் அங்கே சொல்வதாக அவள் சொன்னாள்.

அதே மாதிரித் திரைகள் இன்னும் இரண்டு அந்த வரிசையில் இருந்தன. அதில் ஒன்றை அன்று காலையே மின்சாரத்திலிருந்து கழற்றி, பின்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு தள்ளுவண்டியில் வைத்திருந்தாள். நப்ரீஸிடம் அனுமதி கேட்டபோது எதற்கென்று அவர் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பின்மூடியைத் திறந்து உள்ளே காய்ந்திருப்பதை எல்லோருக்கும் காட்டினாள். மூடிப் பூட்டினாள். அழுத்தக் குழாயை எடுத்துச் சிவானந்தனிடம் நீட்டினாள்.

“சேர், அண்டைக்குப் போத்தலால ஊத்திக் காட்டினீங்கள். இண்டைக்கு இதால கழுவிக் காட்டுங்கோ. பின்பக்கம்.”

சிவானந்தன் சிரித்தார். பிறகு, இது சரியான சோதனை முறை அல்ல, உத்தரவாதம் போய்விடும், தயாரிப்பாளரின் குறிப்பேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் பின்பக்கத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெளிவாக இருக்கிறது என்று பணிப்பாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

“இருக்கு,” என்றாள் துஷாந்தினி. “எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கழுவிற ஆளுக்கு ஆர் சொன்னது?”

“துஷா, இதைப் பிறகு கதைப்பம்.”

“பிறகு இல்ல. தெரிஞ்சுகொண்டுதான் இதைக் கொண்டுவந்து பூட்டினீங்கள். தெரிஞ்சுகொண்டுதான் என்ர பேரைப் போட்டீங்கள். ஏர்த் வயரைப் பூட்ட ஒரு நிமிஷம் போகும் சேர். அந்த ஒரு நிமிஷம்கூட இந்த மனிசிக்காகச் செலவழிக்க உங்களுக்கு மனம் வரேல்ல.”

குரல் உயரவில்லை. குழாயை அவளே திருப்பினாள். இருபது விநாடி போதுமாக இருந்தது. மூடியைத் திறந்து கருவியைச் சரித்தபோது உள்ளிருந்து தண்ணீர் ஓடிவந்து சிவானந்தனின் சப்பாத்து வரை போனது. அவர் பின்வாங்கினார்.

எட்டு மாதத்துக்கு முன் எழுதிய இரண்டு பக்கத்தையும், சான்றிதழையும், தன் அறிக்கையையும் பணிப்பாளரின் கையில் கொடுத்தாள். அறிக்கையின் மூன்றாம் பந்தியில், மாதிரி மாறியது எனக்குத் தெரியும், நான் வந்து பார்க்கவில்லை, அது என் தவறு என்று எழுதியிருந்தாள். தொழில் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி காலையில் அனுப்பியாயிற்று என்று சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் பணிப்பாளரின் முகம் மாறியது.

இராமலெட்சுமி எழுந்து தள்ளுவண்டிக்குக் கிட்ட வந்தாள். நல்ல கையின் விரலால் அந்தச் சின்ன எழுத்தைத் தடவி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். துஷாந்தினி வாசித்துச் சொன்னாள்.

“இது இங்கிலீஷுலதானே இருக்கு,” என்றாள் இராமலெட்சுமி பணிப்பாளரைப் பார்த்து. “எனக்கு வந்த கடுதாசி மாதிரி.”

பணிப்பாளர் அறிக்கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றே மற்றத் திரையையும் கழற்றினார்கள். அந்தக் கிழமையே இராமலெட்சுமியை வேலையிலிருந்து நிறுத்திய உத்தரவு ரத்தானது. அதைச் சொல்லும் கடிதமும் ஆங்கிலத்தில் வந்தது. அவள் அதை வாங்க மறுத்தாள். தமிழில் வேண்டும், என் மேல் பிழை இல்லை என்று அதில் இருக்க வேண்டும் என்று வாசலில் நின்றாள். மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள் நப்ரீஸ் தானே தமிழில் எழுதி, பணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

துஷாந்தினியின் வேலை போனது. சிவானந்தன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். போலிச் சான்றிதழ் பற்றி விசாரிப்பதாகச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. திணைக்களத்தின் வழக்கு இழுபடுகிறது. நீதிமன்றத்தில் ஒவ்வொரு தவணைக்கும் துஷாந்தினி போகிறாள். இராமலெட்சுமியும் வருகிறாள். சின்ன விரலும் பக்கத்து விரலும் அவளுக்கு இன்னும் மடங்குவதில்லை.

போன தவணையன்று நீதிமன்றத்தின் நீள வாங்கொன்றில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வரவில்லை, வழக்கு மீண்டும் தள்ளிப்போனது. இராமலெட்சுமி வெற்றிலை எச்சிலை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, அடுத்த தேதி என்ன என்று கேட்டாள். துஷாந்தினி சொன்னாள். அவள் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“வந்துருங்க,” என்றாள். கேட்டுக்கொள்வது போல அவள் அதைச் சொல்லவில்லை.