பால்குடி உறவு

"வலது கையைப் பிடிச்சு இழுக்காதீங்க! தோள்பட்டை கழண்டுக்கும். முழங்கையில தாங்கித் தூக்குங்க."

மூடிய கதவுக்கு வெளியே நின்றபடி அவள் சொன்னாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் சற்று நின்று மறுபடி கேட்டது. பதினேழு வருஷம் அவள் ஒருத்தியாகக் குளிப்பாட்டிய மகன் ராசாவின் உடம்பு. இன்றைக்கு ஆண்கள்தான் குளிப்பாட்டணும், நீங்க வெளியே இருங்கம்மா என்று பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் எங்கேய்யா போயிருந்தீங்க என்று கேட்க நாக்கு துடித்தது. விழுங்கிக்கொண்டாள்.

"தெரியும் மாமி. நான்தான் பிடிச்சிருக்கேன்."

நாத்தனார் மகனின் குரல். பிரிட்ஜ் மெக்கானிக். லீவு நாளில் வந்தால் ராசாவை அலாக்காகத் தூக்கி வெயிலில் உட்காரவைத்து, கெட்டுப்போன கம்ப்ரசர் கதையைக்கூட வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கவைப்பான். தங்கமான பிள்ளை. அதுதான் சிக்கல். தறுதலையாக இருந்திருந்தால் என் மகளைத் தரமாட்டேன் என்று ஒரே பேச்சில் முடித்திருப்பாளே!

ராசாவுக்கு வந்தது தசையைத் தின்கிற நோய். முதலில் நிற்க முடியாமல் போனது, பிறகு உட்கார முடியாமல் போனது, நேற்று மத்தியானம் இருமக்கூடத் தெம்பில்லாமல் போனது. அவ்வளவுதான், முடிந்தது.

"உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இது ஒளிஞ்சிருக்கு. தனியா இருந்தா ஒண்ணும் செய்யாது. அம்மாகிட்ட இருந்தும் அப்பாகிட்ட இருந்தும் சேர்ந்து வந்தாத்தான் பிள்ளைக்கு நோய்" என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா நோய் தெரிந்தபோதே சொல்லியிருந்தார். அவள் தன் கணவருக்குத் தாய்மாமன் மகள். போன வருஷம் மகளின் ரத்தத்தையும் நாத்தனார் மகனின் ரத்தத்தையும் சோதித்தார்கள். இரண்டிலும் அதே கோளாறு.

அவள் கணவர் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலுக்கும் பீரோவுக்கும் அளந்து வெட்டிக் கொடுப்பார். ஒரு நூல் பிசகாது, பேச்சும் பிசகாது. "மார்க்கம் கூடும்னு சொன்னதை டாக்டர் கூடாதுன்னா விட்டுடறதா? உம்மா கண்ணை மூடுறப்ப அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றுவிட்டார்.

மகளாவது தன் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், அவளும் அவர் பக்கம்தான். "நாலுல ஒண்ணுக்குத்தானேம்மா வரும்னாங்க? மூணு நல்லாப் பொறக்கலாமில்ல?" என்றாள், முகமெல்லாம் ஆசையாக.

"அந்த ஒண்ணைத்தான்டி நான் தினம் குளிப்பாட்டுறேன்" என்றாள் இவள். மகள் அழுதாள். ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

ராசாவை வெள்ளைக் கபன் துணியில் சுற்றிக் கூடத்தில் கிடத்தினார்கள். முகம் மட்டும் தெரிந்தது. வாசல் பக்கம் ஆண்கள், உள்ளே பெண்கள். நாத்தனார் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்தி, தம்பியைப் பார்த்தாள்.

"தம்பி, ராசா போயிட்டான். இந்த வீட்டுக்கு இனி ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா? ஹஜ்ரத்தும் இருக்காங்க, சொந்தபந்தமும் கூடியிருக்கு. எல்லார் முன்னாலயும் வாக்கை உறுதியாச் சொல்லிடு. அடுத்த மாசமே நிக்காஹ்வை வச்சிக்கலாம்."

"இப்ப எதுக்கும்மா அந்தப் பேச்சு? அடக்கம் ஆகட்டும்" என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத்.

"வேணாம் மதினி" என்றாள் இவள். "டாக்டர் அவ்வளவு தூரம் சொல்லியும்..."

"டாக்டர் என்ன, அல்லாவா? ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்க. மாமன் மகளைக் கட்டுறது கூடுமா, கூடாதா?"

"கூடும். ஆனா கூடும்னா கட்டாயம்னு அர்த்தமில்லம்மா. நோய் வரும்னு தெரிஞ்சா விலகிக்கிறதும்..."

"கேட்டியா, கூடும்னுட்டாங்க!" நாத்தனாரின் காதில் முதல் சொல் மட்டும்தான் ஏறியிருந்தது. "சொல்லு தம்பி. மய்யித்தை வச்சிக்கிட்டு உம்மா முன்னால கொடுத்த வாக்கை முறிக்கப் போறியா?"

கண்ணாடிக்காரர் தலை குனிந்திருந்தார். அவர் சம்மதம் சொல்லும்போது முதலில் தொண்டையில் ஒரு அசைவு வரும். இவளுக்கு அது தெரியும். அது வந்தது.

"கூடாது" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்க மகனுக்கு நான் பால் கொடுத்திருக்கேன் மதினி."

ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு மார்பில் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் முக்காடு தேவையில்லை, நிக்காஹ் என்றைக்கும் ஆகாது. அங்கிருந்த யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அல்லாவுக்குப் பயந்து சொல்லும்மா" என்றார் ஹஜ்ரத். "அப்ப அவனுக்கு என்ன வயசு? எத்தனை தடவை?"

"ரெண்டு வயசு ஆகல. மதினி டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. என் மக அப்ப கைக்குழந்தை. அந்த வாரம் பூரா, வயிறு நிறையக் கொடுத்தேன்."

பொய். ராசாவின் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன பச்சைப் பொய். அந்த வாரம் பிள்ளை பசியில் நீலம் பாரித்துக் கத்தியது உண்மை. பொறுக்காமல் இவள் மடியில் போட்டதும் உண்மை. வாய் வைக்கும் முன்னே மாமியார் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "அடிப்பாவி! முறைமாப்பிள்ளையை அண்ணனாக்கப் பார்த்தியே, கெட்டது குடி!" அப்புறம் கரண்டியில் பசும்பால் புகட்டினார்கள். மார்பில் கட்டிய பாலை இவள் பீய்ச்சிக் கொட்டினாள். ஒரு சொட்டு அவன் வாய்க்குப் போகவில்லை. ரப்பே, இந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கோ, என் மகளுக்கு இப்படி ஒரு பிள்ளையைக் கொடுக்காதே என்று நெஞ்சுக்குள் கதறினாள்.

"பொய்யி!" நாத்தனார் எழுந்தே விட்டாள். "உம்மா விட்டிருக்கவே மாட்டாங்க. தம்பி, நீ அப்ப வீட்டுலதானே இருந்தே? வாயைத் திறந்து சொல்லேன்டா!"

மாமியார் பிடுங்கியபோது கணவர் நிலைப்படியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தவர். இவள் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு.

அவர் மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தழும்பேறிய விரலால் கபன் துணியின் ஓரத்தை ஒருமுறை நீவிவிட்டார்.

"கொடுத்தா" என்றார். "உம்மா தூங்கினப்புறம் கொடுப்பா. நான் பார்த்தேன்."

"அப்ப பேச்சுக்கே இடமில்லை" என்றார் ஹஜ்ரத், மெதுவாக.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சட்டைக் கை நனைந்தபடி நின்றிருந்த அவள் மகன் பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அங்கே சுவரோடு ஒட்டி நின்ற இவள் மகள் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இவளால் தாங்க முடியவில்லை. பிறகு ராசாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். முன்பக்கத்தில் அவன் தோள் கொடுத்தான்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் போய் ராசாவின் வெறும் கட்டிலில் உட்கார்ந்தார். இவளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நாத்தனார் மகன் வாசலில் செருப்பைக் கழற்றினான். எப்போதும் அங்கேயே நின்று செருமுவான். உள்ளேயிருக்கும் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் வருவான். இன்றைக்குச் செருமவில்லை. நேராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். கையிலும் கால்சட்டையிலும் கபர்க்குழி மண் காய்ந்திருந்தது.

அடுப்படியிலிருந்து மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். துப்பட்டா தோளில் கிடந்தது. அவன் குரல் தெருவில் கேட்டாலே அதைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறவள்தான். இன்றைக்கு இழுக்கவில்லை. கலைந்த தலைமுடியோடு அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"தண்ணி குடிங்கண்ணே."

அவன் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் குடித்து முடிக்கிறவரை அவள் திறந்த தலையோடு அங்கேயே நின்றாள்.