சகலை வைத்துப் போன மூன்று பெட்டிகள்

மோட்டார்க்காரருக்கு வயிறு எரிந்தது. மகளுக்கு இந்த ஊருக்கே வேலை மாற்றலாகியிருக்கிறது. வந்தவள் பெற்றவர்கள் வீட்டுக்கு வராமல் சித்தி வீட்டில் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டாள்.

கேட்டதற்கு, "நம்ம வீட்ல நான் எங்கப்பா படுக்கிறது? அந்த ரூம்ல மோட்டாருக்கே இடம் பத்தல" என்றாள்.

பொய்யில்லை. மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையை அவர் மூடி ஆறு வருடமாயிற்று. எரிந்த மோட்டார், தேய்ந்த பேரிங், செம்புக் கம்பித் துண்டு எல்லாம் அந்த அறையில் கூரையை முட்டிக்கொண்டு கிடந்தன. "ஸ்பேருக்கு ஆகும்" என்பார். எதற்கு ஸ்பேர் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

சித்திக்காரியின் புருஷன், அதாவது இவருடைய சகலை, வேறு மாதிரி ஆள். அவன் வீட்டில் நாலு நாற்காலி, ஒரு அலமாரி, அவ்வளவுதான். பேசினால் எதிரொலிக்கும். தங்கை வீட்டுக்குப் போய் வந்த நாளெல்லாம் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"தரையில சோறு போட்டுத் திங்கலாம். அவரும் ஒரு ஆம்பளைதானே?"

மோட்டார்க்காரர் நம்பவில்லை. வீட்டை இவ்வளவு துடைத்து வைத்திருக்கிறவன் அடைசலை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்பது அவர் கட்சி.

ஆனாலும் மகளை மீட்டாக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை வீம்புக்கு ஏணி போட்டார். முதலில் பரணைக் காலி செய்யலாம் என்று ஏறினால், மூலையில் நீலக் கயிறு கட்டிய மூன்று அட்டைப் பெட்டிகள். இவருடையதில்லை. தலையைச் சொறிந்ததில் நினைவு வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் வீடு மாறும்போது, "ரெண்டே வாரம் சகலை" என்று சொல்லி அவன் வைத்துவிட்டுப் போனது!

"அடியே, இங்க வந்து பாரு! உன் தங்கச்சி புருஷன் வீடு எப்படிச் சுத்தமாச்சுன்னு இப்பத் தெரியுதா?"

ஆட்டோ பிடித்து, மூன்றையும் சகலை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் கண்முன்னால் கூடத்தில் இறக்கினார்.

"உங்க சாமான், சகலை. சரியா இருக்கான்னு பாத்துக்குங்க."

"அடடே, இது இன்னுமா இருக்கு? அப்பவே தூக்கிப் போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்." சகலை கயிற்றைக்கூடத் தொடவில்லை. "உள்ள என்ன இருக்குன்னே மறந்து போச்சு."

மகள்தான் பிரித்தாள். மூடியில்லாத ஃபிளாஸ்க். ஒற்றைச் செருப்பு. எந்த டிவிக்கும் சேராத ரிமோட். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏம்பா, அடுத்தவங்க குப்பையைக்கூடவா ஒன்பது வருஷம் காவல் காத்தீங்க!"

சகலை சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. "நான் வேணா வந்து ரூமை ஒழிச்சுத் தரவா?" என்று தன்மையாகக் கேட்டான்.

"நான் இன்னும் படுக்கையில விழல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தை குடைந்தது. மறந்து போச்சாம்! தன் அறையில் கிடக்கும் ஒவ்வொரு மோட்டாரும் எந்த வீட்டுக் கிணற்றில் ஓடியது, எதனால் எரிந்தது என்று இவருக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்தப் பயலுக்கு மட்டும் மறதி எப்படி இவ்வளவு லேசாக வாய்க்கிறது?

மறுநாள் பழைய இரும்புக்காரரை வரவழைத்தார்.

"அள்ளிட்டுப் போய்யா. ஆனா எதையாவது தூக்கிக் காட்டி, இது வேணுமான்னு கேட்டே, மொத்தமும் திரும்ப உள்ள போயிடும்."

பிறகு கொல்லைப்புறம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை எழுந்தார். மனைவி கதவை மறித்து நின்றாள்.

"எங்க?"

"தண்ணி குடிக்க."

"நான் கொண்டு வரேன். உக்காருங்க."

சனிக்கிழமை மகள் வந்தாள். பின்னாலேயே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகலையும் வந்தான். வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"பிரமாதம் சகலை! எங்க அலமாரி இந்த மூலையில கச்சிதமா நிக்கும். அனுப்பி வைக்கவா? எங்களுக்கு அது அடைசலா இருக்கு."

"அதையும் இங்கயா? முதல்ல பெட்டியைக் குடுங்க!" என்று சொல்லி, மகளின் பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார் மோட்டார்க்காரர்.