பேச்சு குடியிருக்கும் பக்கம்

அத்தையின் மண்டையை அளந்து, புள்ளி வைத்து, பசை தடவி, மூளை அலைகளைப் பதிவு செய்யும் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள் டெக்னீசியன். அவள் அப்பாவின் கூடப் பிறந்தவள்தான் அத்தை. பேச்சுவார்த்தை அற்றுப்போய் வருஷக்கணக்காகிறது.

"ஆஸ்பத்திரியில வேற ஆளே கிடைக்கலையா?" என்றாள் அத்தை.

"கிடைச்சா நானும் தப்பிச்சிருப்பேன். தலையை ஆட்டாதீங்க."

"படிச்ச திமிரு. உங்கக்கா இன்னும் விழுந்து விழுந்துதான் எந்திரிக்கிறாளா?"

அக்காவுக்கு வலிப்பு உண்டென்று அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளைக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள், அவனும் சரியென்றிருந்தான். இந்த அத்தைதான் அவன் சொந்தக்காரர்கள் வீடு வீடாக ஏறி, "பிறக்குறதும் இழுத்துக்கிட்டேதான் பிறக்கும்" என்று ஊதிவிட்டு வந்தாள். கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அக்கா வாசலுக்குக்கூட வருவதில்லை.

டெக்னீசியனுக்குக் கோபத்தில் கவனம் சிதறியது. வலப்பக்கக் கம்பிகளை பெட்டியின் இடப்பக்கத் துளைகளிலும் இடப்பக்கத்தை வலதிலும் செருகிவிட்டாள். அப்போது தெரியவில்லை.

மறுநாள் அத்தைக்கு வலிப்பு வந்தபோது தெரிந்தது. வீடியோவில் முதலில் வெட்டியது இடக்கை. அப்படியானால் கோளாறு மூளையின் வலப்பக்கம். திரையிலோ அலைகள் இடப்பக்கத்தில் சீறிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் வலக்காதுக்கு மேலிருந்த கம்பியை விரலால் தட்டிப் பார்த்தாள். திரையில் துள்ளியது இடப்பக்கம்.

வலிப்பை நிறுத்த மூளையில் எங்கே அறுவை செய்வதென்று இந்தப் பதிவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இவள் வாயை மூடிக்கொண்டால் கத்தி இடப்பக்கம் போகலாம். பேச்சு குடியிருக்கும் பக்கம் அது. வீடு வீடாக ஏறிய அந்த நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கும். நினைக்க இனித்தது. அந்த இனிப்பை அவள் அவசரப்படாமல் ருசித்தாள்.

ஆனால் ஊமையாகிவிட்டால் அத்தை பாவப்பட்டவள் ஆகிவிடுவாள். பார்க்கிறவர்களெல்லாம் உச்சுக்கொட்டுவார்கள். அது கட்டுப்படியாகாது. எழுந்து நரம்பு டாக்டரிடம் போய்த் தன் தப்பைச் சொன்னாள்.

"மண்டையைத் திறக்கப்போறோம்மா, டிவி கேபிள் மாட்டலை" என்று அவர் கிழித்தெடுத்தார். "சரியா மாட்டு. மாத்திரை வேண்டாம், இன்னொரு தடவை வலிப்பு வரட்டும். வந்த உடனே பட்டன் அழுத்த, நோய் என்னன்னு தெரிஞ்ச ஆள் ஒண்ணு பக்கத்துல இருக்கணும்."

அத்தையிடமும் சொன்னாள்.

"சமயம் பார்த்துப் பழி வாங்குறியாடி?"

"சும்மா இருந்திருந்தா உங்க பேச்சே போயிருக்கும். உங்க மருமகளை வரச்சொல்லியிருக்கேன்."

அத்தையின் முகம் செத்தது. "அவகிட்ட ஒத்தைத் தலைவலின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்."

"தெரியும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா? நான்னா அக்கா கதையிலேர்ந்து ஆரம்பிப்பேன்."

மருமகள் ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்றாள். அத்தை சுவரைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தாள்.

"கேக்கலை அத்தை. சத்தமா" என்றாள் டெக்னீசியன்.

"எனக்கு வலிப்பு."

மருமகள் ஃப்ளாஸ்க்கை மெல்லக் கீழே வைத்தாள். டெக்னீசியன் நாற்காலியைக் கட்டிலுக்கு நேரெதிரே இழுத்துப் போட்டு, பட்டனை மருமகள் கையில் திணித்தாள்.

"கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். "ஒண்ணு விடாம."