ஒன்பதாவது வார்டின் உயரம்

முல்லைவாசல் பேரூராட்சியில் வார்டு உறுப்பினர்கள் எத்தனை ஓட்டு வாங்கினார்களோ அத்தனை சென்டிமீட்டர் உயரம் இருப்பார்கள். பதவிப் பிரமாணத்தின் கடைசி வரியைச் சொல்லி முடிக்கும்போது உயரம் மாறிவிடும். நாலாவது வார்டு உறுப்பினர் ஐந்நூற்று எண்பத்தெட்டு ஓட்டு வாங்கியவர். அவருக்காகக் கூட்ட அரங்கின் கூரையில் ஒரு சதுரம் வெட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அவர் கூரைக்கு மேலே குடை பிடித்துக்கொள்வார்.

ஒன்பதாவது வார்டில் நாற்பத்திரண்டு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் வேலாயுதம் இருபத்து மூன்று ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

அந்த வார்டில் தையல் கடை வைத்திருந்த பிலோமினா ஓட்டுப் போடப் போகவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினாறு ஜாக்கெட் தைக்க வேண்டியிருந்தது. கொக்கி தைக்கும்போதுதான் அன்று தேர்தல் என்பதே ஞாபகம் வந்தது. இன்னும் நாலு ஜாக்கெட் பாக்கி இருந்தது.

பிறகு பேரூராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஐம்பது சென்டிமீட்டருக்குக் குறைவான உறுப்பினரை வார்டுக்காரர்களே கூட்டத்துக்குத் தூக்கிவர வேண்டும். ஓட்டுப் போட்டவர்கள் ஏற்கெனவே தங்கள் பங்குக்குத் தூக்கிவிட்டார்கள் என்பதால், போடாதவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. ஜூலை மாதம் பிலோமினாவின் முறை.

வேலாயுதத்தின் மனைவி அவரை ஒரு ஒயர் கூடையில் துண்டு விரித்து நிற்க வைத்துக் கொடுத்தாள். அவர் கைக்குட்டையை வேட்டியாகக் கட்டியிருந்தார்.

"ரொம்ப ஆட்டாம நட தங்கச்சி," என்றார்.

"இன்னிக்கு என்னண்ணே கூட்டம்?"

"நாலாவது வார்டு சாக்கடையை நம்ம தெருவுக்குத் திருப்பி விடப்போறாங்களாம். உன் கடை வாசல் வழியாத்தான் வரும். அவங்க பக்கம் ஏழு பேர். நம்ம பக்கம் ஆறு பேர், என்னோட சேத்து ஏழு. சமமா வந்தா தீர்மானம் விழுந்துடும்."

பிலோமினா கூடையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

அரங்கில் அவரை நாற்காலியில் நிற்க வைத்தபோது, முன்னால் இருந்த மேசை அவரை முழுக்க மறைத்தது. அவள் அலமாரியிலிருந்து இரண்டு தடித்த பதிவேடுகளை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். செயல் அலுவலர் வந்து அவற்றை எடுத்துவிட்டார்.

"உறுப்பினரோட உயரத்தைக் கூட்ட இங்க எதுவும் வைக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் தேர்தல் அன்னிக்குக் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுத்தோமே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தூக்கிவந்தவர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினார். பிலோமினா போய் உட்கார்ந்தாள்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். நாலாவது வார்டு உறுப்பினரின் கையைப் பார்க்க ஓர் எழுத்தர் வெளியே போய், அண்ணாந்து பார்த்து, திரும்பி வந்து தலையாட்டினார். அடுத்து, எதிர்ப்பவர்கள் கை தூக்கினார்கள். வேலாயுதம் குதிகாலை உயர்த்தி, கையை நீட்ட முடிந்த மட்டும் நீட்டினார். பிலோமினா உட்கார்ந்திருந்த ஓரத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. இருபது வருஷமாக ஆளைப் பார்த்தே அளவு சொல்லுபவள் அவள். அவருடைய விரல் நுனிக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இருந்தது.

தலைவர் மேசைக்கு மேலே தெரிந்த கைகளை எண்ணினார்.

"ஐயா, அவரும் கை தூக்கியிருக்காரு!" பிலோமினா எழுந்துவிட்டாள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்குத் தெரியலையேம்மா," என்றார். அது உண்மைதான்.

ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஆறு.

திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் பிலோமினா கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் ஒருத்தி வந்திருந்தா போதும்ணே," என்றாள்.

"என் மச்சானே வரலை. பல்வலின்னான்," என்றார் வேலாயுதம், கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்டில் சாக்கடை வந்தது. பிலோமினா தையல் மிஷினைச் செங்கல்மேல் ஏற்றினாள். அளவு கொடுக்க வந்தவர்கள் ஸ்டூலில் ஏறி நின்று கொடுத்தார்கள். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் வேலாயுதம் ராஜினாமா கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்டதும் பழைய ஐந்தரை அடிக்கு வந்துவிட்டார். மனைவி சட்டைகளை இஸ்திரி போட்டே வைத்திருந்தாள். இடைத்தேர்தல் அறிவித்தார்கள். அவரே மறுபடி நின்றார்.

பிலோமினா மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனாள். பேச்சு அவளுக்கு வராது. டேப்பை நீட்டி, அரை சென்டிமீட்டரை நகத்தால் அழுத்திக் காட்டி, "இவ்வளவுதாங்க குறைஞ்சுது," என்று மட்டும் சொன்னாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. பிலோமினாவுக்கு முன்னால் சாக்கடை நின்றுகொண்டிருந்தது. வார்டில் ஆறு மாதம் குடியிருந்துவிட்டதால் அதன் பெயரும் பட்டியலில் ஏறியிருந்தது. பூத் சிலிப்பை நனையாமல் மேலே மிதக்க விட்டிருந்தது. வரிசை நகர்ந்தபோதெல்லாம் அதுவும் ஓரடி நகர்ந்தது. உள்ளே அதிகாரி அதன் பெயரை உரக்கப் படித்தார். ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள். விரல் இல்லாததால் அதிகாரி அதன் இடது ஓரத்தில் மையால் ஒரு கோடு இழுத்தார்.

"அடுத்தவங்க வாங்க," என்றார்.

பிலோமினா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, இடது கையை நீட்டினாள்.