ஆமாவும் கூடாது, இல்லையும் கூடாது

வானொலியில் அவனுக்குச் சேவல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஊர் கண் விழித்து, வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நகர்கிற காலை வேளையில் கூவுவதுதான் அவன் வேலை. "கையில ஸ்டியரிங்கு, காதுல சேவலு!" என்று அவன் குரல் எடுத்தால், தூங்குமூஞ்சிகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். வாயை விற்றுப் பிழைக்கிறவன். நல்ல விலைக்கே விற்றுக்கொண்டிருந்தான்.

அவன் நிகழ்ச்சியில் யாருக்கும் பெயர் கிடையாது. ஒருமுறை காய்ச்சல் என்று லீவு போட்ட ஒரு குமாஸ்தா, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, போட்டியில் குடை ஒன்று ஜெயித்தான். அவனுடைய மேலதிகாரியும் அதே நேரத்தில் காரில் கேட்டுக்கொண்டிருந்தார். குடை வந்தது, வேலை போனது. அன்றிலிருந்து கூப்பிடுகிற எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்து நிகழ்ச்சியை நடத்துகிற அக்கா, போனை எடுத்ததும் கேட்பதே, "என்ன பட்டம் வெச்சுக்கறீங்க?" என்றுதான்.

போட்டியின் பெயர் வழுக்குப்பாறை. ஒன்றரை நிமிடம் சேவல் கேள்வியாக வீசுவான். பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 'ஆமா' என்று சொல்லக்கூடாது, 'இல்ல' என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் அக்காவின் விரல் மணியில் இறங்கும். டொய்ங்! கொசு அடிக்கிற கைகூட அத்தனை வேகமாக இறங்காது. கேட்க விளையாட்டாக இருக்கும். ஆடிப் பார்த்தால்தான் தெரியும், மூளையை முழுசாகப் பிழிந்து ஊற்ற வேண்டும் என்பது.

வழக்கமாகப் பரிசு தண்ணீர் பாட்டில், மிஞ்சினால் குடை. அன்றைக்கோ கடற்கரை விடுதியில் ஒரு வாரம், குடும்பத்தோடு. சேவல் அறிவித்து வாயை மூடவில்லை, போன் பலகையில் இருந்த அத்தனை விளக்குகளும் மின்னத் தொடங்கிவிட்டன.

"பாருங்க, பாருங்க, ஊரே கடலுக்குக் கெளம்பிடுச்சு!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "மொத ஆளு யாரு? லாரி மாமா! தயாரா மாமா?"

"ஆமாப்பா!"

டொய்ங்.

அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். இரண்டாவதாக வந்த தூக்கக்கலக்கம் பாதி தூரம் போய், "நேத்து நல்லா தூங்கினீங்களா?" என்ற கேள்வியில் வழுக்கி விழுந்தார். மூன்றாவதாக வந்தது குள்ளநரி. பெண் குரல். ஆனால் தொண்டையை இறுக்கி, மூக்கால் இழுத்துப் பேசுகிற குரல்.

"வாங்க குள்ளநரி! காட்டுல இருந்தா பேசறீங்க?"

"காட்ட அழிச்சு ரோடு போட்டு ரொம்ப நாளாச்சு. ரோட்டுல இருந்துதான்."

"அட! அப்போ வண்டி ஓட்டிட்டிருக்கீங்களா?"

"ஸ்டியரிங் என் கையிலதான் இருக்கு."

"வீட்டு ஸ்டியரிங்?"

"அது அவர் கையில இருக்குன்னு அவருக்கு ஒரு நெனப்பு."

"வீட்டுக்காரர் ஒத்தாசையா இருப்பாரா?"

"பகல்ல ஊருக்கு ஒத்தாசை. ராத்திரி எங்களுக்குக் குறட்டை."

சேவல் விழுந்து விழுந்து சிரித்தான். பாவம், யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல் சிரித்தான். இப்படி ஒரு ஆள் இந்தப் போட்டிக்கு வந்ததே கிடையாது. கடிகாரத்தில் பாதி நேரம் போயிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அக்கா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் போனுக்குள், தூரத்தில், இன்னொரு குரல் கேட்டது.

"அம்மா, இங்க பாரேன்! பெல்ட்ட நானே கழட்டிட்டேன்!"

சேவலின் சிரிப்பு நின்றது. எத்தனை ஆயிரம் பேர் கத்தினாலும் அந்தக் குரலை அவன் பிரித்தெடுப்பான். அது சுண்டெலி. அவன் மகள். இந்த நேரத்தில் அம்மாவோடு காரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டிய ஆறு வயதுப் பிள்ளை. போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாள் தாங்கும். அவன் மனைவியின் புளுகு எட்டுக் கேள்விகூடத் தாங்கவில்லை. ஆனாலும் அவள் குரலை இவ்வளவு நேரம் இவன் கண்டுபிடிக்காததற்குக் காரணம் இருந்தது. சுண்டெலியைத் தூங்கவைக்கக் கதை சொல்லும்போது அவள் நரிக்குப் பேசுகிற குரல் அது. விடியுமுன் எழுந்து ஓடவேண்டிய சேவல், இருட்டியதும் கூண்டில் அடைந்துவிடும். அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட அவன் கேட்டதில்லை.

நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பம் போட்டியில் கலந்துகொள்ளக்கூடாது. போன வருடம் நிலையத்தில் ஒருத்தரின் மைத்துனன் ஒரு தண்ணீர் பாட்டில் ஜெயிக்கப்போய், அவரையே வேலையை விட்டு அனுப்பினார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் கடலுக்குக் கூட்டிப்போகிறேன், கூட்டிப்போகிறேன் என்று இவன் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறான். இவன் கூட்டிப்போவதைவிடக் கடல் இங்கே வருவது சுலபம் என்று அவள் முடிவுகட்டியிருப்பாள்.

"சேவலே, கேள்வி வரலையே! பயந்துட்டீங்களா?" என்றாள் குள்ளநரி.

"ம்... நான்... நீங்க எந்தப் பக்கமா போறீங்க?"

"பாலத்து மேல. இப்ப எறங்கிட்டு இருக்கேன்."

அந்தப் பாலத்தின் இறக்கம் அவனுக்குத் தெரியும். வண்டிகள் தானாகவே வேகம் பிடிக்கிற சரிவு, அடியில் சந்திப்பு, சந்திப்பைத் தாண்டினால் பிள்ளைகள் வரிசையாகக் கடக்கிற இடம்.

"அம்மா, முன்னாடி வரட்டா? தாவட்டா?"

"உக்காருடி," என்று ஒரு கிசுகிசுப்பு. பிறகு மறுபடியும் நரி. "அடுத்த கேள்வி, சீக்கிரம்!"

இருதலைக்கொள்ளி எறும்பானான் சேவல். இணைப்பை வெட்டிவிடலாம். வெட்டினால் என்ன செய்வாள்? விடமாட்டாள். ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. குனிந்து, போனைப் பார்த்து, மறுபடி எண்ணை அழுத்துவாள், அதுவும் அந்த இறக்கத்தில். "நான்தான், நிறுத்து!" என்று கத்தலாம். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கையிலிருப்பதைக் கீழே போடுகிறவள் அவள். வேலை போய்விடுமே என்ற பயம் இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்வானேன்? ஒரு நொடி அதுவும் எட்டிப்பார்த்தது. அவன் அதை எட்டி உதைத்தான்.

வாய் அவனுக்கு முந்திக்கொண்டது. இத்தனை வருடப் பழக்கம்.

"போனஸ்!" என்று கூவினான். "குள்ளநரிக்கு மட்டும் ஸ்பெஷல் போனஸ்! இப்பவே வண்டிய ஓரங்கட்டி எஞ்சினை அணைச்சீங்கன்னா, ஒரு வாரம் ரெண்டு வாரமாகுது!"

கண்ணாடிக்கு அப்பால் அக்கா வாயைப் பிளந்தாள். அப்படி ஒரு போனஸ் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"ரெண்டு வாரமா!" நரிக் குரல் எங்கோ பறந்துபோய், அவன் மனைவியின் சொந்தக் குரல் கீச்சென்று வெளியே வந்தது. "இதோ! இதோ இப்பவே!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டான். அதை அவன் உணர்ந்தபோது காரியம் கைமீறிவிட்டது. அவள் இருந்தது நடுப்பாதையில். ஓரம் போக வேண்டுமானால் பக்கத்தில் வருகிற வண்டிகளைத் தாண்ட வேண்டும். கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு எந்தக் கண்ணாடியைத் திரும்பிப் பார்ப்பாள்?

"மெதுவா! பார்த்து, மெதுவா! அவசரமே..."

நீளமாக ஒரு ஹாரன். டயர்கள் தேய்கிற சத்தம். சுண்டெலியின் "அம்மாஆ!" பிறகு தடால் என்று ஒரு மோதல். ஏதோ உருண்டது.

பிறகு ஒன்றுமே இல்லை.

வானொலிக்காரனுக்கு மௌனம்தான் எமன். இரண்டு மூச்சு சும்மா இருந்தால் ஓடிவந்து பாட்டைப் போடுவார்கள். அன்றைக்கு யாரும் அசையவில்லை. அக்கா ஒரு விரலை மணியில் வைத்தபடி கல்லாகச் சமைந்திருந்தாள். சேவல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கடவுளே, நான்தான் கூப்பிடச் சொன்னேன், நான்தான் திரும்பச் சொன்னேன், அந்தப் பிள்ளை என்ன பண்ணுச்சு என்று அவன் மனசு கதறியது.

கரகரவென்று ஒரு சத்தம். யாரோ போனைத் தரையிலிருந்து எடுக்கிறார்கள்.

"ஹலோ," என்றது ஒரு சின்னக் குரல்.

"சுண்டெலி!"

"அப்பாவா? அப்பா, நீ போனுக்குள்ளயா இருக்க?"

"சுண்டெலி, கண்ணு, அடி பட்டுச்சாம்மா?"

"இல்ல," என்றாள் சுண்டெலி.

டொய்ங்!

பழகிய விரல், அக்காவைக் கேட்காமலே இறங்கிவிட்டது. மணிச் சத்தம் ஊர் முழுக்க, அத்தனை கார்களிலும் ஒலித்தது. அக்கா பதறி, சுட்டுக்கொண்டவள்போலக் கையை உதறினாள். சேவலோ சிரித்தான், அழுதான், எது எது என்று அவனுக்கே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவன் கேட்ட சொற்களில் அந்த 'இல்ல'யைப் போல இனிப்பானது வேறொன்றும் கிடையாது.

"ஆனா பல்லு விழுந்துடுச்சுப்பா! ஆடிட்டே இருந்துச்சே, அந்தப் பல்லு! முன்னாடி சீட்டுல போய் இடிச்சேனா, விழுந்துடுச்சு! ரத்தம் வருது, கொஞ்சூண்டு!" அவளுக்கு ஒரே குதூகலம்.

"அம்மா எங்கடா?"

"அம்மா அழறாங்க. வண்டி ரோட்டோர மேட்டுல ஏறி நிக்குது. ஒரு ஸ்கூட்டர் தாத்தா அம்மாவைத் திட்டறாரு."

போன் கை மாறியது. "ஏங்க," என்றது நரியுமில்லாத, கேலியுமில்லாத ஒரு குரல். "நான்தாங்க."

"தெரியும்மா. வண்டிய விட்டு எறங்கு. அவளைக் கூட்டிட்டு ஓரமா போய் நில்லு. நான் வர்றேன்."

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். வழுக்கைத் தலை வியர்த்திருந்தது. சேவல் அவரைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தே சொன்னான். "கேட்டீங்கல்ல? அது என் சம்சாரம். அது என் பொண்ணு. என் வீட்டு ஆளுங்க இதுல ஆடக்கூடாது, ஆடிட்டாங்க. அந்த ரெண்டு வாரம் நான் அவிழ்த்துவிட்ட புளுகு. அதெல்லாம் அப்புறம். என்னை மன்னிச்சுடுங்க." மேனேஜர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"பாட்டு போடறேன், நீ ஓடு தம்பி," என்றாள் அக்கா.

அவன் ஹெட்போனைக் கழற்றப் போனான். கண் பலகைமேல் விழுந்தது. ஒரு விளக்குகூட அணையவில்லை. எல்லாம் முன்னைவிட அவசரமாக மின்னின. ஒவ்வொன்றும் ஒரு வண்டி. இத்தனை நாளும் அவன் அவற்றை எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறான். இப்போது ஒவ்வொன்றின் பின்சீட்டிலும் ஒரு பிள்ளை தெரிந்தது. கைக்கு எட்டிய ஒன்றைத் தட்டினான்.

"சேவலண்ணே! அந்தப் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். "கேட்டுட்டே வந்தேனா, கையெல்லாம் உதறுதுண்ணே. பின்னாடி என் பையனும் அழறான்."

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"பாலத்துல எறங்கிட்டு இருக்கேன்."

அவன் இந்தமுறை கூவவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக மைக் முன்னால் மெதுவாகப் பேசினான். "போனைப் பக்கத்து சீட்டுல போட்டுட்டு, ரோட்டப் பாருங்கம்மா."

"பாப்பா எப்படி இருக்கான்னு சொல்லுங்க, அப்பதான் வெப்பேன். மனசு கேக்க மாட்டேங்குது."

"நல்லா இருக்கா," என்றான் சேவல். "பாலத்துக்குக் கீழதான், ரோட்டோரமா நிக்கிறா. நீங்க வர்ற வழியிலதான்மா நிக்கிறா."

பட்டென்று அவள் போனை வைத்துவிட்டாள். பலகையில் அந்த விளக்கு அணைந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று அணைந்தது. பிறகு மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் இரண்டு. கடைசிவரை அணையாமல் இரண்டு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தன. அக்கா எழுந்து வந்து, பலகைக்குப் பின்னால் கையை விட்டு, ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். சேவல் அதற்குள் படிக்கட்டில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தான்.