பென்சில் குறிப்புகள் இல்லாத பிரதி

திருச்செல்வத்திடம் நூற்று நாற்பத்தாறு உளவியல் புத்தகங்கள் இருந்தன. எல்லாம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லண்டனில் அச்சான மெல்லிய அட்டைப் பதிப்புகள். முழுதாகப் படித்தது ஒன்பதோ பத்தோ இருக்கும். மீதியைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ஜொகூர் பாரு பக்கத்துச் செனாய்த் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளில் குறை கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு, இருபத்தெட்டு வருடமாக. வீட்டிலும் அதே கண்தான். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'மன டாக்டர்' என்று பெயர். கேலிதான் என்றாலும் அவருக்குப் பிடித்திருந்தது.

மூவார் நகரில் பழைய மரச்சாமான் விற்கும் சீனர், யாராவது ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு அலமாரியோடு புத்தகங்கள் வந்தால் திருச்செல்வத்துக்காக ஒதுக்கி வைப்பார். போன மாதம் அப்படி ஒரு பெட்டி வந்தது. ஒரு வாரம் கூடத்தில் சோபா பக்கத்திலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். பழைய வாசகர்கள் போட்ட பென்சில் கோடுகளை மென்மையான வெள்ளை ரப்பரால், பக்கத்தின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரே வாக்கில் தேய்ப்பது அவர் வழக்கம். எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதுபோல அது என்பார். படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது என்பதுதான் நிஜம்.

பெட்டியில் மேலாக இருந்தது மனச்சோர்வைப் பற்றிய புத்தகம். வெளிறிய பச்சை அட்டை. கடைசி வெற்றுத்தாளில் இரண்டு பக்கமும் ஆங்கில எழுத்தில் பொடிப்பொடியாக யாரோ எழுதித் தள்ளியிருந்தார்கள். அழிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. படமெடுத்து, 'பென்சில் குறிப்புகள் இல்லாத பிரதி' என்று சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஜொகூர் பாருவிலிருந்து மதிவாணன் வியந்து பதில் போட்டார்: "அலமாக், புதுசு மாதிரி இருக்கு லா."

அந்த வாரம் அவருக்கு இரவு வேலை. வியாழக்கிழமை காலை வீடு திரும்பியபோது மகள் ரூபினி தலைவாரி, மடியில் கைப்பையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வராதவள்.

"வெளிய போறியாமா? நல்லது. போய்ட்டு வா" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். அவர் தூங்கப் போனார். மதியம் எழுந்தபோது அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

சனிக்கிழமை மதியம்வரை அது சாத்தியே இருந்தது. வைத்த சோறு வைத்தபடியே திரும்பி வந்தது. மனைவி யோகேஸ்வரி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவ அவ்வளவு எழுதி வெச்சும் எப்படிங்க சும்மா இருந்தீங்க?"

"எதுல எழுதி வெச்சா?"

"உங்க புத்தகத்துலதான். 'அப்பா இந்த ஞாயிறு இதத்தான் மொதல்ல எடுப்பாரு, நீ ஒண்ணும் சொல்லாதம்மா'ன்னு மேலாக வெச்சா. எங்கிட்டகூட காட்டல. நீங்க படிச்சீங்கல்ல?"

திருச்செல்வம் அலமாரிக்குப் போய் அந்தப் பச்சைப் புத்தகத்தை உறையிலிருந்து உருவினார். மகளின் கையெழுத்தைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவருக்கு நினைவில்லை. இவ்வளவு நாளும் போனில் வருவதுதான் அவள் எழுத்து.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, தாளைச் சாய்த்து, போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது. ஆங்கிலம் இல்லை. போனில் எழுதுவதுபோல் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். நன்றாகவே தேய்த்திருந்தார், பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. 'அப்பா' தெரிந்தது. 'தூக்கமே' தெரிந்தது. அப்புறம், கீழே: 'வியாழன் பத்து மணி ஆஸ்பத்திரி. தனியா போக பயமா இருக்கு. நீங்க கூட வந்தா போதும்.'

கதவைத் தட்டினார். மூன்றாவது தட்டலுக்குத் திறந்தாள். அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"நான் அத படிக்கலமா. யாரோ பழைய ஆளு எழுதினதுன்னு நெனச்சு அழிச்சிட்டேன்."

"படிக்காமலேயேவா?"

"ஆமா."

"ரெண்டு பக்கத்தையும்?"

தலையாட்டினார். ரூபினி சிரிப்பதுபோல் மூச்சுவிட்டாள்.

"போன்ல அனுப்பினா கட்டைவிரல் காட்டுவீங்க. வேற எதப்பா நீங்க ஒக்காந்து பாக்குறீங்க? அதான் இதுல எழுதினேன்."

"உன் எழுத்துன்னு தெரியலமா."

"நீங்க படிச்சிட்டுதான் 'போய்ட்டு வா'ன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

திருச்செல்வம் அறை வாசலில் நின்றபடி, "திங்கக்கெழம நான் லீவு போடுறேன். காலையிலேயே போயி வேற தேதி கேப்போம்" என்றார்.

ரூபினி கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கெழம வரைக்குமா?" என்று கேட்டாள்.

குரல் உயரவில்லை. யோகேஸ்வரியைக் கூப்பிட்டு, கார் சாவியை எடுக்கச் சொன்னார்.

அவசரப் பிரிவில் கூட்டம். எண் வாங்கி, நாற்பது நிமிடம் மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். முகப்பில் இருந்த மலாய்த் தாதி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, என்ன தொந்தரவு என்று கேட்டாள். மகளுக்கு உடம்பு பலவீனம், சாப்பிடுவதில்லை என்று சொல்லத்தான் திருச்செல்வம் வாயெடுத்தார். ரூபினி அவரை முந்திக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து மலாயில், சுத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. செத்துப்போனால் தேவலை என்று தினமும் தோன்றுகிறது. புதன்கிழமைவரை வெறும் எண்ணமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து எப்படி என்றும் யோசிக்கிறாள்.

யோகேஸ்வரி அவர் முழங்கையைப் பிடித்தாள். தாதி எழுதுவதை நிறுத்தி, "இவர்கள் யார்?" என்று கேட்டாள்.

"அம்மா, அப்பா" என்றாள் ரூபினி.

"இவர்களுக்கு இது தெரியுமா?"

ரூபினி திரும்பிப் பார்க்கவில்லை. "இப்போது தெரியும்" என்றாள்.